ஓஎஃப்டிஎம் சிக்னலின் உச்சத் திறனைக் குறைப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

வைஃபை, 4ஜி, 5ஜி, டிஜிட்டல் தொலைக்காட்சி என எதை எடுத்தாலும் அடியில் இருப்பது ஓஎஃப்டிஎம்தான். தகவலை நூற்றுக்கணக்கான குறுகிய சப்கேரியர்களுக்கு, அதாவது வெவ்வேறு அதிர்வெண் கொண்ட துணை அலைகளுக்கு, பங்கிட்டுக் கொடுத்து, எல்லாவற்றையும் கூட்டி ஒரே சிக்னலாக அனுப்புகிற முறை. கட்டடங்களில் பட்டுத் திரும்பும் எதிரொலிகளை இது எளிதாகச் சமாளிக்கும். ஆனால் அந்தக் கூட்டலில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. சராசரியாக 1 வாட்டில் ஓடிக்கொண்டிருக்கும் சிக்னல், அவ்வப்போது ஒரு கண நேரம் 10 வாட்டையும் தாண்டி எழும்பும். உச்சத் திறனுக்கும் சராசரித் திறனுக்கும் உள்ள இந்த விகிதத்தைத்தான் பிஏபிஆர் என்கிறோம்.

இதனால் அடி வாங்குவது பவர் ஆம்ப்ளிஃபயர். 10 வாட் உச்சத்தைச் சிதைக்காமல் கடத்த வேண்டுமானால், 10 வாட் திறனுள்ள ஆம்ப்ளிஃபயரை வாங்கி 1 வாட்டில் ஓட்ட வேண்டும். இப்படிக் கீழிறக்கி ஓட்டுவதற்கு பேக்-ஆஃப் என்று பெயர். ஏட்டுக்கணக்கில், பி வகுப்பு ஆம்ப்ளிஃபயர் முழு வீச்சில் ஓடும்போது 78.5 சதவீத மின்சாரத்தை ரேடியோ அலையாக மாற்றும். 10 டெசிபெல் (பத்து மடங்கு; 3 டெசிபெல் என்றால் இரண்டு மடங்கு) பேக்-ஆஃபில் அது சுமார் 25 சதவீதத்துக்கு இறங்கிவிடும். ஏ வகுப்பு என்றால் 50 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கு. மீதி எல்லாம் சூடு. 10 வாட் அனுப்ப 40 வாட் இழுக்கும் அந்த பி வகுப்பு ஆம்ப்ளிஃபயரில், பேக்-ஆஃபை 10-லிருந்து 7 டெசிபெலாகக் குறைத்தால் தேவை 28 வாட் பக்கம் வந்துவிடும். கோபுரத்தில் இருக்கும் பேஸ் ஸ்டேஷனுக்கு மின்கட்டணம், கையில் இருக்கும் ஃபோனுக்கு பேட்டரி: இந்த 3 டெசிபெலின் விலை அதுதான்.

இந்த வழிகாட்டி, கையில் பைத்தான், ஆக்டேவ் போன்ற கணக்கீட்டு மென்பொருளை வைத்துக்கொண்டு இதைச் செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கானது. ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிஏபிஆரை எவ்வளவு குறைக்க முடியும் என்பது தவறான கேள்வி. எவ்வளவு வேண்டுமானாலும் குறைக்கலாம். அதற்கான விலையை எந்தக் கணக்கில் கட்டுகிறோம் என்பதுதான் கேள்வி: சிக்னல் பிழையிலா, தகவல் வேகத்திலா, கணக்கீட்டிலா, அனுப்பும் திறனிலா? எல்லா முறைகளையும் இந்தக் கண்ணோடு பார்த்தால் எதை எங்கே பயன்படுத்துவது என்பது தானாகத் தெளிவாகும்.

படி 1: நான்கு சப்கேரியரைக் கையால் போட்டுப் பாருங்கள்

கணினியைத் திறப்பதற்கு முன்னால் ஒரு தாள் போதும். நான்கு சப்கேரியர்கள், ஒவ்வொன்றிலும் +1 அல்லது -1. நான்கிலும் +1 வைத்துத் தலைகீழ் ஃபூரியர் மாற்றம் (சப்கேரியர்களைக் கூட்டி நேரத்தில் ஓடும் அலையாக்கும் கணக்கு) செய்தால், வகுக்காமல் விட்ட கணக்கில், வரும் சாம்பிள்கள், அதாவது அலையின் கணத்துக்குக் கண மதிப்புகள், 4, 0, 0, 0. திறன் என்பது அளவின் வர்க்கம். உச்சம் 16, சராசரி 4. பிஏபிஆர் 4 மடங்கு, அதாவது 6 டெசிபெல். தேர் வடத்தைப் பிடித்திருப்பவர்கள் அத்தனை பேரும் ஒரே நொடியில் சுண்டி இழுத்துவிட்டு அப்புறம் சும்மா நிற்பது மாதிரி, நான்கு அலைகளும் முதல் கணத்தில் ஒன்றுகூடி, மற்ற கணங்களில் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன.

இப்போது கடைசி +1-ஐ மட்டும் -1 ஆக்குங்கள். சாம்பிள்களின் அளவு 2, 2, 2, 2 என்று ஆகிவிடும். உச்சமும் சராசரியும் ஒன்றே. பிஏபிஆர் 0 டெசிபெல். ஒரே ஒரு குறியை மாற்றியதில் 6 டெசிபெல் போய்விட்டது.

போய்விட்டதா? ஆம்ப்ளிஃபயர் பார்ப்பது சாம்பிள்களை அல்ல, அவற்றுக்கு இடையே ஓடும் தொடர்ச்சியான அலையை. அந்த அலையின் திறனைக் கோணவாரியாக எழுதினால், 4 கூட்டல் 2 கொசைன் தீட்டா கழித்தல் 2 கொசைன் 3 தீட்டா என்று வரும். இதன் உச்சம் சுமார் 54.7 டிகிரியில், அதாவது முதல் சாம்பிளுக்கும் இரண்டாவது சாம்பிளுக்கும் நடுவில் இருக்கிறது. மதிப்பு 7.08. சராசரி 4 என்பதால் உண்மையான பிஏபிஆர் 1.77 மடங்கு, 2.5 டெசிபெல். சாம்பிள்களை மட்டும் பார்த்தவருக்கு 0 என்று தெரிந்த இடத்தில் 2.5 டெசிபெல் ஒளிந்திருக்கிறது. சாம்பிள்களை நான்கு மடங்கு நெருக்கமாக எடுத்தால் 2.3 டெசிபெல் கண்ணில் படும். கிட்டத்தட்ட முழு உண்மை.

இந்தச் சின்னக் கணக்கிலேயே இரண்டு பாடங்களும் இருக்கின்றன. குறிகளையோ ஃபேஸ்களையோ (அலையின் கோண நிலை) மாற்றினால் உச்சம் மாறும்; சாம்பிள் நெருக்கமாக இல்லையென்றால் நீங்கள் அளப்பது பொய்.

படி 2: அளவீட்டைச் சரியாக அமையுங்கள்

இப்போது 64 சப்கேரியருக்குப் போகலாம். 802.11ஏ வைஃபையின் ஃபூரியர் அளவு இதுதான். அதில் 52 சப்கேரியர்கள் உண்மையில் பயன்படும், ஒவ்வொரு சிம்பலும் (சப்கேரியர்கள் எல்லாம் சேர்ந்து ஒரு தடவை அனுப்பும் தொகுப்பு) 4 மைக்ரோ நொடி நீளும். எளிமைக்காக 64-லும் தகவல் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு சிம்பலுக்கும் 64 க்யூபிஎஸ்கே மதிப்புகளை (நான்கு திசைகளில் ஒன்றைக் காட்டும் புள்ளிகள்) எதேச்சையாக எடுங்கள். நான்கு மடங்கு நெருக்கத்துக்கு 256 புள்ளித் தலைகீழ் மாற்றம் வேண்டும். அதாவது 192 பூஜ்யங்களைச் சேர்க்க வேண்டும். இந்தப் பூஜ்யங்கள் போக வேண்டிய இடம் வரிசையின் கடைசி அல்ல, நடு. முதல் 32 மதிப்புகள் தொடக்கத்தில், அப்புறம் 192 பூஜ்யங்கள், அப்புறம் மீதி 32. ஏனென்றால் மாற்றத்தின் பின்பாதி எதிர்மறை அதிர்வெண்களுக்கு உரியது. கடைசியில் வைத்தால் எதேச்சைத் தகவலின் பிஏபிஆர் புள்ளிவிவரத்தில் தவறு தெரியவே தெரியாது, ஆனால் அலைக்கற்றை நடுவிலிருந்து விலகிவிடும். பின்னால் வடிகட்டும் படியில் அது பல்லிளிக்கும். காரணம் எங்கோ தொடக்கத்தில் இருக்க, வடிகட்டியைக் குடைந்துகொண்டிருப்பதுதான் இதில் பெரிய நேர விரயம்.

ஒவ்வொரு சிம்பலிலும் உச்சத்தைச் சராசரியால் வகுத்து, டெசிபெலில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, குறிப்பிட்ட டெசிபெலைத் தாண்டிய சிம்பல்கள் எத்தனை சதவீதம் என்று ஒரு வளைகோடு வரையுங்கள். சிசிடிஎஃப் எனப்படும் இந்தக் கோடுதான் இந்தத் துறையின் பொதுமொழி. ஆயிரத்தில் ஒன்று என்ற புள்ளியை நம்பகமாகப் பார்க்கக் குறைந்தது 1 லட்சம் சிம்பல்களாவது ஓட்டுங்கள். பத்தாயிரத்தில் ஒன்று வேண்டுமானால் 10 லட்சம்.

வந்த கோடு சரியா என்று பார்க்க ஒரு கணக்கு உதவும். பல சப்கேரியர்கள் கூடும்போது சிக்னல் காஸியன் சத்தத்தை (மணி வடிவப் பரவல் கொண்ட எதேச்சை இரைச்சல்) போலவே நடந்துகொள்ளும். ஒரு சாம்பிளின் திறன் சராசரியைப் போல் 10 மடங்கைத் தாண்டும் வாய்ப்பு சுமார் 22,000-ல் ஒன்று; 5 மடங்கைத் தாண்டுவது 148-ல் ஒன்று; 3 மடங்கு என்றால் 20-ல் ஒன்று. 64 சாம்பிள்கள் இருப்பதால், ஆயிரத்தில் ஒரு சிம்பல் 10.4 டெசிபெலைத் தாண்டும். 20 மெகாஹெர்ட்ஸ் எல்டிஇயின் (4ஜி தரநிலை) 1200 சப்கேரியர்களுக்கு இதே புள்ளி 11.5 டெசிபெல். நான்கு மடங்கு நெருக்கத்தில் அளக்கும்போது, சாம்பிள் எண்ணிக்கையை 2.8 மடங்காக வைத்துக் கணக்கிட்டால் பொருந்தும் என்று ஆய்வாளர்கள் ஃபான் நீயும் டி வில்டும் 1998-ல் காட்டினார்கள். அப்போது 64-க்கு 10.8, 1200-க்கு 11.8 டெசிபெல். உங்கள் கோடு இதற்குப் பக்கத்தில் விழவில்லை என்றால் மேலே போகாதீர்கள், நிரலைச் சரிபாருங்கள்.

இந்த எண்களைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். சப்கேரியர்கள் ஏறத்தாழ 19 மடங்கு கூடியும் உச்சம் ஒரு டெசிபெல்தான் ஏறியிருக்கிறது. பாடப்புத்தகங்கள் சொல்லும் அதிகபட்சம், அதாவது 64-க்கு 18 டெசிபெல், 1200-க்கு 30.8 டெசிபெல், நடைமுறையில் வருவதே இல்லை. 64 க்யூபிஎஸ்கே மதிப்புகளும் எதேச்சையாக ஒரே திசையில் அமைய, பிரபஞ்சத்தின் வயது போதாது. அந்த எண்ணை வைத்து யாராவது ஆம்ப்ளிஃபயர் அளவை முடிவு செய்தால் தடுத்து நிறுத்துங்கள். மறுபக்கம், 10 டெசிபெலைத் தாண்டும் உச்சங்கள் அரிது என்று சும்மா விடவும் முடியாது. வைஃபையில் நொடிக்கு 2,50,000 சிம்பல்கள் போகின்றன. அவற்றில் சுமார் 700 சிம்பல்களில் அப்படியோர் உச்சம் வரும்.

படி 3: பட்ஜெட்டை எழுதிவைத்துவிட்டு அப்புறம் முறையைத் தேடுங்கள்

பலரும் இந்தப் படியைத் தாண்டிக் குதித்து நேராக முறைகளுக்குப் போய்விடுகிறார்கள். அங்கேதான் வேலை தடம் மாறுகிறது.

ஒவ்வொரு தரநிலையும், அனுப்பப்படும் புள்ளிகள் தம் இடத்திலிருந்து எவ்வளவு விலகலாம் என்று வரம்பு வைத்திருக்கிறது. ஈவிஎம் எனப்படும் இந்த வரம்பு எல்டிஇயில் க்யூபிஎஸ்கேவுக்கு 17.5 சதவீதம், 16 க்யூஏஎம்முக்கு (16 புள்ளிகளில் ஒன்றை அனுப்பும் வகை) 12.5, 64 க்யூஏஎம்முக்கு 8, 256 க்யூஏஎம்முக்கு 3.5. இரண்டாவது வரம்பு, பக்கத்து அலைவரிசைக்குள் கசிவது. எல்டிஇ பேஸ் ஸ்டேஷனுக்கு இது 45 டெசிபெல் கீழே இருக்க வேண்டும். ஃபோனுக்கு 30 போதும்.

இந்தப் பிழை முழுவதையும் உச்சக் குறைப்புக்கே செலவழிக்க முடியாது. ஆசிலேட்டரின் ஃபேஸ் சத்தமும் ஆம்ப்ளிஃபயரின் மிச்சச் சிதைவும் தங்கள் பங்கைக் கேட்கும். பிழைகள் வர்க்கமாகக் கூடும் என்பதை நினைவில் வையுங்கள். 64 க்யூஏஎம்மில் மற்றவை 4 சதவீதம் எடுத்துக்கொண்டால், நமக்கு மிஞ்சுவது 8-ன் வர்க்கத்தில் 4-ன் வர்க்கம் போக 48; அதன் வர்க்கமூலம் 6.9 சதவீதம். 256 க்யூஏஎம்மில் மற்றவை 2.5 சதவீதம் என்றால் மிச்சம் சுமார் 2.4. இந்த ஓர் எண்ணைத் தாளில் எழுதி மேசையில் வையுங்கள். அடுத்த படி முழுக்க இதை நம்பித்தான்.

படி 4: வெட்டி வடிகட்டுங்கள்

எளிமையான முறை இதுதான், நிஜ உலகில் மிக அதிகமாக ஓடுவதும் இதன் உறவினர்கள்தான். ஒரு வரம்பை வைத்து, அதைத் தாண்டும் சாம்பிளின் அளவை அந்த வரம்புக்கு இறக்கிவிடுங்கள். ஃபேஸை மட்டும் தொடாதீர்கள். சாம்பிள் என்ற கலப்பெண்ணின் மெய்ப்பகுதியையும் கற்பனைப் பகுதியையும் தனித்தனியாக வெட்டுவது வேறு விஷயம். அது ஃபேஸையும் கெடுக்கும்.

வெட்டினால் எவ்வளவு பிழை வரும்? காஸியன் சிக்னலுக்கு இதைக் கணக்கிட்டே சொல்லிவிடலாம். வரம்பு சராசரிக்கு 4 டெசிபெல் மேலே இருந்தால் வெட்டுப் பிழை சுமார் 10 சதவீதம். 5 டெசிபெலில் 6.9. 6 டெசிபெலில் 4.2. 7 டெசிபெலில் 2.3. மேசையில் இருக்கும் தாளைப் பாருங்கள்: 64 க்யூஏஎம்முக்கு 5 டெசிபெல் விளிம்பில் நிற்கிறது, 6 நிம்மதியாக இருக்கும், 256 க்யூஏஎம்முக்கு 7-க்குக் கீழே போகவே கூடாது. முறையைத் தேர்ந்தெடுக்கும் முன்பே விடையில் பாதி வந்துவிட்டது. 11 டெசிபெலில் தொடங்கிய சிக்னல், ஒரு ஒப்பீட்டையும் ஒரு பெருக்கலையும் தவிர வேறு செலவில்லாமல் 6, 7 டெசிபெல் பக்கம் வருகிறது. இதை எட்டாத எந்தச் சிக்கலான முறையையும் சந்தேகத்தோடு பார்க்கலாம்.

ஆனால் வேலை இன்னும் முடியவில்லை. வெட்டுதல் என்பது கூர்மையான செயல், அதனால் பிழையின் ஒரு பகுதி அலைவரிசைக்கு வெளியே சிதறும். 45 டெசிபெல் வரம்பு அங்கேயே உடைந்துவிடும். வடிகட்ட வேண்டும். 256 புள்ளிகளுக்கு ஃபூரியர் மாற்றம் செய்து, நடுவில் இருக்கும் 192 இடங்களையும் மறுபடி பூஜ்யமாக்கி, திரும்ப நேரத்துக்கு வாருங்கள். சற்றுமுன் பூஜ்யங்களைச் சரியான இடத்தில் வைத்திருந்தால் இது ஒரே வரி. அப்படிச் செய்யாமல் நிரலுக்குள்ளேயே நான்கு மடங்கு நெருக்கமின்றி வெட்டியிருந்தால், எல்லாப் பிழையும் அலைவரிசைக்குள்ளேயே மடிந்து விழும். வடிகட்ட எதுவும் இருக்காது, ஆனால் டிஜிட்டல்-அனலாக் மாற்றிக்குப் பிறகு உச்சங்கள் மறுபடி தலைதூக்கும்.

வடிகட்டியதும் உச்சங்கள் ஓரளவு வளர்ந்துவிடும். நீங்கள் 6 டெசிபெலில் வெட்டியிருப்பீர்கள், வெளியே வருவது ஓரிரு டெசிபெல் அதிகமாக இருக்கும். அதனால் வெட்டு, வடிகட்டு, மறுபடி வெட்டு, மறுபடி வடிகட்டு. 2002-ல் ஜீன் ஆம்ஸ்ட்ராங் முன்வைத்த வழி இதுதான். மூன்று நான்கு சுற்றுக்கு மேல் பெரிய பலன் இருக்காது. ஒவ்வொரு சுற்றும் உள்பிழையைக் கொஞ்சம் ஏற்றும் என்பதால், மேலே சொன்ன சதவீதங்களை ஆரம்ப மதிப்பீடாக எடுத்துக்கொண்டு, முடிவில் ஈவிஎம்மை நேரடியாக அளந்து வரம்பைத் திருத்துங்கள்.

பேஸ் ஸ்டேஷன்களில் இதே யோசனை சற்று வேறு உருவில் வேலை செய்கிறது. அங்கே ரேடியோப் பகுதிக்கு வருவது பல கேரியர்கள் கூடிய ஒரே ஓட்டம். சிம்பல் எங்கே தொடங்குகிறது என்ற விவரம் கையில் இருக்காது. எனவே சிக்னலின் அலைக்கற்றைக்குள்ளேயே அடங்கும் ஒரு துடிப்பைத் தயார் செய்து வைத்துக்கொண்டு, உச்சம் வரும் இடத்தில் எல்லாம் அதைத் தேவையான அளவுக்குப் பெருக்கிக் கழித்துவிடுவார்கள். கழிக்கப்படுவதே அலைவரிசைக்குள் இருப்பதால் தனியாக வடிகட்டத் தேவையில்லை. துடிப்பு நீளமாக இருந்தால் கசிவு குறையும், ஆனால் பக்கத்தில் இருக்கும் சாம்பிள்களும் கலங்கும்.

படி 5: பிழையே வேண்டாம் என்றால், சில சப்கேரியர்களை ஒதுக்குங்கள்

பிழை பட்ஜெட் மிக இறுக்கமாக இருக்கும்போது, விலையை வேறு கணக்குக்கு மாற்ற வேண்டும். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த யோசனை டோன் ரிசர்வேஷன். சில சப்கேரியர்களில் தகவலே வைப்பதில்லை. அவற்றின் ஒரே வேலை, மற்றவை எழுப்பும் உச்சங்களை எதிர்த்து அமுக்குவது. பெறும் பக்கம் அந்த இடங்களைப் பார்க்காமல் விட்டுவிடும், அவ்வளவுதான்.

செய்முறை இப்படி. ஒதுக்கிய இடங்களில் 1-ம் மற்ற இடங்களில் 0-ம் வைத்துத் தலைகீழ் மாற்றம் செய்யுங்கள். தொடக்கத்தில் ஒரு கூர்மையான உச்சமும் மற்ற இடங்களில் சின்னச் சின்ன அலைகளும் கொண்ட ஒரு துடிப்பு கிடைக்கும். சிம்பலின் மிகப் பெரிய உச்சத்தைக் கண்டுபிடித்து, இந்தத் துடிப்பை அந்த இடத்துக்குச் சுழற்றி, வரம்புக்கு மேல் இருப்பதற்கு ஏற்பப் பெருக்கிக் கழியுங்கள். அடுத்த பெரிய உச்சம், அடுத்தது. இதில் அழகு என்னவென்றால், நேரத்தில் சுழற்றுவது அதிர்வெண்ணில் வெறும் ஃபேஸ் மாற்றம்தான். எங்கே நகர்த்தினாலும் துடிப்பு ஒதுக்கிய சப்கேரியர்களை விட்டு வெளியே வராது. தகவலைத் தொடவே தொடாது.

ஒதுக்கும் இடங்களை வரிசையாக எடுக்காதீர்கள். துடிப்பு அகலமாகி, ஒரு உச்சத்தை அமுக்கும்போது பக்கத்தில் இன்னொன்று முளைக்கும். சிதறலாக எடுத்தால் துடிப்பு கூர்மையாக இருக்கும். டிவிபி-டி2 தொலைக்காட்சித் தரநிலையில் இந்த முறை இருக்கிறது. அதன் 32கே அமைப்பில் 288 சப்கேரியர்கள் இதற்காக ஒதுக்கப்படுகின்றன, மொத்தத்தில் சுமார் 1 சதவீதம். பெரிய கோபுரத்திலிருந்து பல கிலோவாட்டில் அனுப்பும் நிலையத்துக்கு, 1 சதவீத வேகத்தை விட்டுக்கொடுத்து மின்சாரத்தை மிச்சப்படுத்துவது நல்ல பேரம்தான்.

அதே தரநிலையில் இருக்கும் இன்னொரு வழி ஏசிஇ. க்யூபிஎஸ்கே புள்ளி தன் கால்பகுதிக்குள் வெளிப்பக்கமாக எவ்வளவு தள்ளிப்போனாலும் பெறுபவருக்கு நஷ்டமில்லை, இன்னும் லாபமே. அந்தச் சுதந்திரத்தை வைத்து உச்சத்தைக் குறைப்பது. செய்வதற்கு, வெட்டி வடிகட்டிய சிக்னலை மறுபடி புள்ளிகளாக்கி, வெளிப்பக்கம் நகர்ந்தவற்றை அப்படியே விட்டு, உள்பக்கம் நகர்ந்தவற்றைப் பழைய இடத்துக்கே இழுத்துவிட வேண்டும். புள்ளிகள் கூடக் கூட இதன் சக்தி குறையும். 16 க்யூஏஎம்மில் மூலைப் புள்ளிகள் நான்குக்கு முழுச் சுதந்திரம், விளிம்பில் இருக்கும் எட்டுக்கு ஒரு திசையில் மட்டும், உள்ளே இருக்கும் நான்குக்கு எதுவுமில்லை. 256 க்யூஏஎம்மில் பெரும்பாலான புள்ளிகள் உள்ளே சிறைப்பட்டிருக்கும். பெறும் கருவியில் எந்த மாற்றமும் வேண்டாம் என்பதுதான் ஏசிஇயின் பலம்.

இந்த இரண்டு முறைகளையும் அளக்கும்போது ஒரு எச்சரிக்கை. இரண்டுமே சிக்னலின் சராசரித் திறனைக் கூட்டும். விகிதத்தில் கீழே இருக்கும் எண் பெரிதானாலே பிஏபிஆர் குறைந்தது போல் தெரியும், உச்சம் அங்கேயே நின்றுகொண்டிருந்தாலும். அதனால் உச்சத்தை எப்போதும் பழைய, தொடாத தகவல் சிக்னலின் சராசரியோடு ஒப்பிடுங்கள். சில வளைகோடுகளின் பளபளப்பு இப்படி ஒப்பிட்டதும் மங்கிவிடும்.

படி 6: பல வடிவங்களை உருவாக்கி நல்லதை அனுப்புவது

படி 1-ல் ஒரு குறியை மாற்றியதும் உச்சம் மறைந்ததே, அதையே ஒரு முறையாக்கினால் எஸ்எல்எம். 1996-ல் பாய்ம்ல், ஃபிஷர், ஹூபர் மூவரும் வெளியிட்டது. ஒரே தகவலை நான்கு வெவ்வேறு ஃபேஸ் வரிசைகளால் பெருக்கி, நான்கையும் நேரத்துக்கு மாற்றி, உச்சம் குறைவானதை மட்டும் அனுப்புங்கள். நான்கும் மோசமாக இருக்கும் வாய்ப்பு, ஒன்று மோசமாக இருப்பதன் நான்காம் அடுக்கு. நெருக்கமில்லாத சாம்பிள் கணக்கில் 64 சப்கேரியருக்கு, ஆயிரத்தில் ஒன்று என்ற புள்ளி 10.4-லிருந்து 7.6 டெசிபெலுக்கு இறங்கும். 16 வடிவங்கள் எடுத்தால் 6.1. முதல் நான்கு கொடுத்த லாபம் 2.8 டெசிபெல், அதற்கு மேல் பன்னிரண்டு மாற்றங்கள் செய்து கிடைப்பது 1.5 மட்டுமே.

இதன் தம்பி பிடிஎஸ், 1997-ல் வந்தது. சப்கேரியர்களைச் சில குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு ஃபேஸ் கொடுத்து, எந்தச் சேர்க்கை நல்லது என்று தேடுவது. நான்கு குழுக்கள், நான்கு ஃபேஸ்கள் என்றால், முதல் குழுவை அப்படியே விட்டுவிட்டு 64 சேர்க்கைகள். குழுக்களைக் கூட்டினால் தேடல் வெடித்துப் பெருகும்.

இரண்டிலும் தகவல் சிதைவதில்லை என்பது உண்மை. ஆனால் எந்த வடிவம் அனுப்பப்பட்டது என்று பெறுபவருக்குச் சொல்ல வேண்டும்: எஸ்எல்எம்மில் 2 பிட், பிடிஎஸ்ஸில் 6 பிட். இந்தச் சில பிட்டுகளில் ஒன்று பிழையானாலும் முழு சிம்பலும் போச்சு. அதனால் அவற்றை வலுவாகக் குறியிட வேண்டும், தரநிலையிலும் இடம் வேண்டும். ஆய்விதழ்களில் இந்த இரண்டு முறைகளுக்கும் நூற்றுக்கணக்கில் மேம்பாடுகள் வந்திருக்கின்றன. கோபுரங்களில் ஓடுவதோ வெட்டுதலும் அதன் வகைகளும். காரணம் இந்தக் கூடுதல் பிட்டுகள்தான். ப்ராஜெக்ட்டுக்குச் செய்ய எஸ்எல்எம் அருமையான பயிற்சி. ஆனால் ஒப்பீட்டில் வெட்டி வடிகட்டும் முறையை, அதே ஈவிஎம் வரம்போடு, கட்டாயம் சேருங்கள். அது இல்லாத ஒப்பீடு அரைகுறைதான்.

கோலே வரிசைகளைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் கையால் போட்ட +1, +1, +1, -1 ஒரு கோலே வரிசை. இவற்றின் உச்சம் எந்த நீளத்திலும் 3 டெசிபெலைத் தாண்டாது. இவற்றையே குறியீடாக்கும் வழியை 1999-ல் டேவிஸும் ஜெட்வாப்பும் காட்டினார்கள். சப்கேரியர்கள் கூடும்போது தகவல் வேகம் சுருங்கிப் போவதால் பெரிய அமைப்புகளுக்கு ஒத்துவராது.

படி 7: ஃபோன் பக்கம் என்றால் டிஎஃப்டி பரவல்

ஃபோனின் நிலைமை வேறு. வழக்கமான வகுப்பில் அதிகபட்ச அனுப்புத் திறன் 23 டிபிஎம், அதாவது 200 மில்லிவாட். சின்ன ஆம்ப்ளிஃபயர், சின்ன பேட்டரி. செல்லின் (ஒரு கோபுரம் எட்டும் பரப்பு) ஓரத்தில் நிற்பவருக்கு ஒவ்வொரு டெசிபெலும் தொடர்பு இருக்குமா அறுந்துபோகுமா என்பதைத் தீர்மானிக்கும். அதனால்தான் 2008-ல் முடிவான எல்டிஇயின் முதல் வெளியீடு, ஃபோனிலிருந்து கோபுரத்துக்குப் போகும் திசையில் வெறும் ஓஎஃப்டிஎம்மை எடுக்கவில்லை. தகவலை முதலில் ஒரு ஃபூரியர் மாற்றத்தில் (டிஎஃப்டி) பரப்பி, அப்புறம் சப்கேரியர்களில் ஏற்றினார்கள்; இதுதான் டிஎஃப்டி பரவல். இரண்டு மாற்றங்களும் ஒன்றையொன்று கிட்டத்தட்ட ரத்து செய்துகொள்வதால், வெளியே வருவது ஒற்றைக் கேரியர் சிக்னலைப் போன்றது. உச்சம் 2 முதல் 3 டெசிபெல் குறையும், எந்தப் பிழையும் இல்லாமல்.

செய்து பார்ப்பது மிக எளிது: படி 2-ன் நிரலில், சப்கேரியர்களில் வைக்கும் முன் தகவலுக்கு ஒரு ஃபூரியர் மாற்றம் சேருங்கள். ஒதுக்கிய சப்கேரியர்கள் அடுத்தடுத்து இருக்க வேண்டும். நடுவில் இடைவெளி விட்டால் லாபம் குறையும். பெறும் பக்கத்தில் ஒரு சப்கேரியர் மங்கினால் அதன் பாதிப்பு எல்லாத் தகவல் புள்ளிகளுக்கும் பரவும், அது இதன் விலை. 5ஜியில் இரண்டும் உண்டு: கோபுரத்துக்கு அருகில் இருக்கும்போது சாதாரண ஓஎஃப்டிஎம், ஓரத்துக்குப் போகும்போது டிஎஃப்டி பரவல். இன்னும் கீழே இறங்க வேண்டுமானால், இரண்டே புள்ளிகள் கொண்டு அடுத்தடுத்துக் கால்வட்டம் சுழற்றும் பை/2 பிபிஎஸ்கே.

படி 8: ஆம்ப்ளிஃபயரை வைத்துச் சோதியுங்கள்

இவ்வளவும் செய்தபின் பிஏபிஆர் கோட்டை மட்டும் காட்டி நிறுத்திவிடாதீர்கள். சிக்னலை ஓர் ஆம்ப்ளிஃபயர் மாதிரி வழியாக அனுப்புங்கள். ட்ரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயருக்கு ராப் மாதிரி போதும்; அதில் வளைவின் கூர்மையைத் தீர்மானிக்கும் ஓர் எண்ணை மட்டும் கொடுக்க வேண்டும், 2 அல்லது 3 வைத்துத் தொடங்கலாம். செயற்கைக்கோள் டிராவலிங் வேவ் குழாய்களுக்கு 1981-ல் வந்த சலே மாதிரி, அது ஃபேஸ் திரிவதையும் காட்டும்.

ஆம்ப்ளிஃபயரின் சிதைவை ஈடுகட்ட சிக்னலை முன்கூட்டியே எதிர்த்திசையில் திரிக்கும் டிபிடியையும் சேர்ப்பதானால் வரிசை முக்கியம்: முதலில் உச்சக் குறைப்பு, பிறகு டிபிடி. டிபிடி வேண்டுமென்றே உச்சங்களை ஏற்றி அனுப்பும், ஆம்ப்ளிஃபயர் அமுக்கப்போவதை ஈடுகட்ட. அதன்பிறகு வெட்டினால் அதன் உழைப்பு முழுவதும் வீண். ஆம்ப்ளிஃபயரின் வகையும் உங்கள் இலக்கை மாற்றும். 1936-ல் பெல் ஆய்வகத்தின் வில்லியம் டோஹர்ட்டி உருவாக்கிய அமைப்பு, உச்சத்துக்கு 6 டெசிபெல் கீழேயும் நல்ல செயல்திறன் தரும்; இன்றைய பேஸ் ஸ்டேஷன்களில் பரவலாக இருப்பது அதன் வழித்தோன்றல்கள்தான். அப்படிப்பட்ட ஆம்ப்ளிஃபயரை வைத்துக்கொண்டு 7 டெசிபெலிலிருந்து 5-க்கு இறக்கப் போராடுவதில் மிச்சமாகும் மின்சாரம் சொற்பம், கூடும் பிழையோ அதிகம்.

கடைசியாக ஒப்பீடு. எல்லா முறைகளுக்கும் ஒரே ஆம்ப்ளிஃபயர், ஒரே உச்சத் திறன். ஒவ்வொரு முறைக்கும் பேக்-ஆஃபை 3-லிருந்து 12 டெசிபெல் வரை மாற்றிக்கொண்டே போங்கள். ஒவ்வொரு புள்ளியிலும், குறிப்பிட்ட பிட் பிழை விகிதத்தை எட்ட, சிதைவில்லாத சிக்னலைவிட எத்தனை டெசிபெல் கூடுதல் சிக்னல்-சத்த விகிதம் தேவைப்படுகிறது என்று பாருங்கள். அதோடு பேக்-ஆஃபைக் கூட்டுங்கள். வரும் கோடு கிண்ண வடிவத்தில் இருக்கும்: இடப்பக்கம் சிதைவு தின்கிறது, வலப்பக்கம் பேக்-ஆஃப் தின்கிறது. எந்த முறையின் கிண்ணத்தில் அடிப்புள்ளி கீழே இருக்கிறதோ, அந்தப் பேக்-ஆஃபில் பக்கத்து அலைவரிசைக் கசிவும் ஈவிஎம்மும் வரம்புக்குள் இருக்கின்றனவா என்று அளந்து பாருங்கள். இருந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் வரம்பு பொருந்தும் வரை பேக்-ஆஃபை அரை அரை டெசிபெலாகக் கூட்டி, அந்த இடத்தில் மறுபடி ஒப்பிடுங்கள்.